கோழியின் கணையமும் பச்சைச் சோயா மொச்சையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

முன்னுரை

சென்ற கோடை விடுமுறையின்போது என் தாயார் 24 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி வளர்க்கத் தொடங்கினார். கம்பு, உடைத்த சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு ஆகியவையே தீவனம். புண்ணாக்கின் விலையைக் கேட்டதும் நான் ஒரு யோசனை சொன்னேன். சோயா மொச்சையில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு புரதம் உண்டு என்று பாடத்தில் படித்திருந்தேன். ஆகவே புண்ணாக்குக்குப் பதிலாகச் சோயா மொச்சையை மாவு மில்லில் அப்படியே அரைத்துக் கலந்தால் செலவும் குறையும், குஞ்சுகளும் விரைவில் வளரும் என்றேன். தாயாரும் அவ்வாறே செய்தார். மூன்று வாரம் கழிந்தது. பக்கத்து வீட்டுக் குஞ்சுகள் இறக்கை விரித்து ஓடின. எங்கள் குஞ்சுகளோ நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கி நின்றன. தீனி மட்டும் குறைவின்றித் தின்றன. அவற்றுள் ஐந்து இறந்தன.

தின்ற தீனி எங்கே போயிற்று? இக்கேள்வியுடன் கல்லூரிக்குத் திரும்பிய நான் நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் அறிந்துகொண்டவற்றைப் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோழியின் உணவுப் பாதை

கோழிக்குப் பற்கள் இல்லை. விழுங்கிய தானியம் முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் தங்கி ஊறுகிறது. மாலையில் கோழியை அடைக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் தடவிப் பார்த்து, ‘வயிறு நிறைந்திருக்கிறது’ என்று சொல்வது உண்மையில் இந்தப் பையைத்தான். அங்கிருந்து தானியம் சுரப்பு இரைப்பைக்குச் செல்கிறது. அமிலமும் பெப்சினோஜன் என்னும் முன்னொதியும் அங்குச் சுரக்கின்றன. பாலூட்டிகளின் இரைப்பையில் அமிலத்தை ஒரு வகைச் செல்லும் பெப்சினோஜனை வேறொரு வகைச் செல்லும் சுரக்கின்றன. கோழியிலோ ஒரே வகைச் செல் இவ்விரு பணிகளையும் செய்கிறது. அடுத்து வருவது அரைவைப்பை. தடித்த தசைச் சுவரும், விழுங்கிய சிறு கற்களும் சேர்ந்து அங்கே தானியத்தை அரைக்கின்றன.

அரைவைப்பையை அடுத்து முன்சிறுகுடல் ‘ப’ வடிவில் வளைந்து கிடக்கிறது. அவ்வளைவின் இரு கைகளுக்கும் நடுவே வெளிர் மஞ்சள் நிற நாடாவைப் போல் இருப்பதே கணையம். அதிலிருந்து பொதுவாக மூன்று நாளங்கள் புறப்பட்டு, பித்த நாளங்களுடன் வளைவின் முடிவுப் பகுதியில் திறக்கின்றன. கோழிக்கறி சமைப்போர் அரைவைப்பையின் உட்புறத்தில் உள்ள மஞ்சள் தோலை உரித்து எறிவதைப் பார்த்திருக்கிறோம். பித்தநீர் சேருமிடம் குடலில் அதற்கு அப்பால் அல்லவா இருக்கிறது? அப்படியிருக்க அந்தத் தோலுக்கு மஞ்சள் நிறம் எப்படி வந்தது? கோழியின் குடல் அவ்வப்போது பின்னோக்கியும் அசைந்து, குடலில் உள்ளதைப் பித்தநீரோடு அரைவைப்பைக்கு மீண்டும் தள்ளுகிறது என்பதே விடை. இவ்வாறு உணவு மறுமுறையும் அரைபடுகிறது.

நொதிகளும் அவற்றின் பணியும்

உணவிலுள்ள பெரிய மூலக்கூறுகளை உடைத்து, குடல் உறிஞ்சத்தக்க சிறு மூலக்கூறுகளாக்குபவை நொதிகள். கணையநீரில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ், புரதத்தை உடைக்கும் டிரிப்சின், கைமோடிரிப்சின் முதலியவை உள்ளன. ஆனால் புரத நொதிகள் கணையத்தில் செயலற்ற முன்னொதிகளாகவே உருவாகின்றன. அவை அங்கேயே செயல்படத் தொடங்கினால் கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்ளும். முன்சிறுகுடலின் சுவரில் உள்ள என்டிரோகைனேஸ் என்னும் நொதி, டிரிப்சினோஜனிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி அதை டிரிப்சினாக மாற்றுகிறது. பிறகு அந்த டிரிப்சினே ஏனைய முன்னொதிகளையும் செயல்பட வைக்கிறது. ஆகவே டிரிப்சின் ஒன்று முடங்கினால் மற்றவையும் முடங்கும். இக்கருத்தை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன்.

இறுதி வேலை குடற்சுவரைச் சார்ந்தது. மால்ட்டேஸ், சுக்ரேஸ் முதலிய நொதிகள் அங்குள்ளன. பால் சர்க்கரையை உடைக்கும் லாக்ட்டேஸ் கோழிக்கு இல்லை. பாலுண்ணாத உயிருக்கு அது வேண்டியதும் இல்லை.

ஆராயும் முறைகள்

செரிமானம் அரைத்தலா, கரைத்தலா என்ற வழக்கைத் தீர்க்க உதவியவை பறவைகளே. பிரான்சு நாட்டு அறிஞர் ரெயோமுர் 1752-இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சியை உலோகக் குழாய்க்குள் வைத்துப் பருந்து ஒன்றை விழுங்கச் செய்தார். செரிக்காததைப் பருந்து கக்கிவிடும். கக்கிய குழாய் நசுங்கவில்லை, ஆனால் உள்ளிருந்த இறைச்சி கரைந்திருந்தது. ஆகவே கரைப்பது ஒரு நீர் என்பது விளங்கிற்று. இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி 1780-இல் வெளியிட்ட நூலில் கோழி, வான்கோழி முதலிய பல உயிர்களில் இச்சோதனைகளை விரிவாகச் செய்து காட்டினார். தாமே துணிப்பைகளில் உணவை வைத்து விழுங்கியும் பார்த்தார்.

இன்று கையாளப்படும் முறைகளைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, கோழியை அறுத்துக் கணையத்தை எடுத்து அரைத்து, அதிலுள்ள நொதியை அளத்தல். இது எளிது. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. கணையத்தில் உள்ள நொதி இருப்புச் சரக்கு மட்டுமே. களஞ்சியம் நிறைந்திருப்பதற்கு விளைச்சல் மிகுதியும் காரணமாகலாம், விற்பனை நின்றுபோனதும் காரணமாகலாம். கணையத்தை மட்டும் பார்த்து, சுரப்பு எவ்வளவு என்று கூற இயலாது.

இரண்டாவது, அடையாளப் பொருள் முறை. செரிக்காமலும் உறிஞ்சப்படாமலும் வெளியேறும் குரோமிக் ஆக்சைடு போன்ற பொருளைத் தீவனத்தில் கலப்பர். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 1 கிராம் தீவனத்தில் 0.005 கிராம் அடையாளப் பொருள் உள்ளது. கோழி ஒரு நாளில் 100 கிராம் தின்கிறது எனில், குடல் வழியே செல்லும் அடையாளப் பொருள் 0.5 கிராம். முன்சிறுகுடலில் எடுத்த 1 கிராம் கூழில் 200 அலகு நொதியும் 0.0025 கிராம் அடையாளப் பொருளும் இருந்தால், 1 கிராம் அடையாளப் பொருளுக்கு 80,000 அலகு நொதி என்றாகிறது. ஆகவே அன்று அவ்விடத்தைக் கடந்த நொதி 40,000 அலகு. குடலில் நீர் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு பிழைக்காது என்பது இம்முறையின் நன்மை. ஆயினும் குடலில் கீழே செல்லச் செல்ல நொதிகளும் புரதங்களாதலால் அவையும் செரிக்கப்படுகின்றன. எனவே எவ்விடத்தில் கூழ் எடுத்தோம் என்பது முக்கியம்.

மூன்றாவது, மயக்க மருந்து கொடுத்துக் கணைய நாளத்தில் நுண்குழாய் பொருத்தி, காயம் ஆறியபின் விழித்திருக்கும் கோழியிடமிருந்து கணையநீரை நேரே சேகரித்தல். மணிக்கு எவ்வளவு சுரக்கிறது, உண்ட எத்தனை நிமிடத்தில் கூடுகிறது என்பவற்றை இம்முறையே காட்டும். கோழிக்கு நாளங்கள் பல ஆதலால் ஒன்றில் மட்டும் சேகரித்தால் முழு அளவு கிடைக்காது. மேலும் எடுத்த நீரைக் குடலுக்குத் திருப்பித் தரவில்லையெனில் சுரப்பே மாறிவிடும். அது ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

நான்காவது, கணையச் செல்கூட்டங்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, ஹார்மோன்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தல். செல்லுக்குள் நொதி உருவாகிச் சிறு துகள்களாகச் சேமிக்கப்பட்டு வெளியேறும் பாதையைக் கண்டறிந்தவர் ஜார்ஜ் பலாடே ஆவார். கினிப்பன்றியின் கணையத்தில் அவர் செய்த ஆய்வுகள் இத்துறைக்கு அடிப்படையாயின. அவருக்கு 1974-இல் நோபெல் பரிசு, வேறு இருவருடன் சேர்த்து, வழங்கப்பட்டது. கோழியின் மரபணுத் தொகுதி 2004-இல் வெளியானபின், எந்த நொதியின் மரபணு எப்போது விழித்தெழுகிறது என்பதையும் அளக்க முடிகிறது.

சுரப்பை ஆள்வது எது?

கணையத்துக்கு ஆணையிடுபவை இரண்டு: நரம்பும் ஹார்மோனும். வேகஸ் நரம்பின் நுனியில் வெளிப்படும் அசிட்டைல்கோலின், கணையச் செல்லைத் தூண்டி நொதியை வெளியேற்றுகிறது. அட்ரோப்பின் கொடுத்தால் இத்தூண்டுதல் தடைப்படும்.

ஹார்மோன் என்னும் கருத்தே கணைய ஆய்வில் பிறந்ததுதான். இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் 1902-இல் நாயின் முன்சிறுகுடற் சுவரிலிருந்து எடுத்த சாற்றை இரத்தத்தில் செலுத்தியதும் கணையநீர் பெருகிற்று. அச்சாற்றிலிருந்த பொருளுக்குச் செக்ரிடின் என்று பெயரிட்டனர். 1905-இல் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்ற சொல்லை வழக்கில் கொண்டுவந்தார்.

ஆனால் நாயில் கண்டதைக் கோழிக்கு அப்படியே பொருத்துதல் தவறு. பாலூட்டிகளில் கணையநீரின் நீரையும் பைகார்பனேட்டையும் பெருக்குவதில் செக்ரிடினே முதன்மையானது. வான்கோழியில் 1970-களில் ஆராய்ந்தபோது செக்ரிடின் வலுவற்றதாகவும், அதன் உறவான வி.ஐ.பி. என்னும் குடற்புரதக்கூறு வலியதாகவும் இருக்கக் கண்டனர். மறுபுறம், பறவையில் முதலில் கண்டது பாலூட்டிக்கும் பொருந்தியதும் உண்டு. 1968-இல் கோழிக் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்க முயன்றபோது, 36 அமினோ அமிலங்களைக் கொண்ட புதிய ஹார்மோன் ஒன்று அகப்பட்டது. கணையப் பாலிபெப்டைடு எனப்படும் அது பின்னர் மனிதனிலும் இருப்பது தெரிந்தது. பாலூட்டிகளில் அது கணையநீர்ச் சுரப்பைக் குறைக்கிறது.

நொதிச் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன்களுள் நமக்கு இங்கு முக்கியமானது கோலிசிஸ்டோகைனின். புரதமும் கொழுப்பும் குடலில் உடையும்போது, குடற்சுவரில் ஆங்காங்கே உள்ள சில செல்கள் இதை வெளியிடுகின்றன. இது கணையத்தை நொதி சுரக்கச் செய்வதுடன், பித்தப்பையையும் சுருங்கச் செய்கிறது.

இவை நிமிடக் கணக்கில் நடப்பவை. நாட்கணக்கில் நடக்கும் மாற்றமும் உண்டு. தீவனத்தில் மாவுச்சத்தைக் கூட்டினால் சில நாட்களில் கணையம் அமைலேசைக் கூடுதலாக உருவாக்கும். கொழுப்பைக் கூட்டினால் லைப்பேஸ் கூடும். வயதும் ஒரு காரணம். 21 நாள் அடைகாத்துப் பொரிந்த குஞ்சு முதல் சில நாட்கள் வயிற்றுள் எஞ்சிய மஞ்சட்கருவையும் பயன்படுத்துகிறது. இஸ்ரேலில் 1990-களில் 4-ஆம் நாள் முதல் 21-ஆம் நாள் வரை அளந்து பார்த்தபோது எல்லா நொதிகளும் பெருகின. ஆயினும் டிரிப்சின், அமைலேஸ் ஆகியவற்றைவிட லைப்பேஸ் மெதுவாகவே பெருகிற்று. இளங்குஞ்சுக்குக் கொழுப்பு மிகுந்த தீவனம் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சோயா மொச்சையின் மர்மம்

இனி நம் குஞ்சுகளுக்கு வருவோம். சோயா மொச்சையை வேகவைத்தால்தான் எலிகள் நன்கு வளரும் என்று ஆஸ்பார்ன், மெண்டல் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1917-லேயே கண்டனர். காரணம் பின்னர்தான் தெரிந்தது. பச்சை மொச்சையில் டிரிப்சினைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் ஒரு புரதம் உள்ளது. குனிட்ஸ் என்பார் 1945-இல் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்.

டிரிப்சின் முடங்குவதால் புரதம் செரிக்கவில்லை, ஆகவே குஞ்சு மெலிகிறது. கதை இத்துடன் முடிந்தது என்றே முதலில் நானும் நினைத்தேன். ஆனால் 1948-இல் செர்னிக், லெப்கோவ்ஸ்கி, சைக்காஃப் ஆகியோர் பச்சைச் சோயா தின்ற கோழிக்குஞ்சுகளில் வேறொன்றையும் கண்டனர். உடல் சிறுத்திருந்தும் கணையம் பெருத்திருந்தது! மெலிந்த உடலில் ஓர் உறுப்பு மட்டும் வளர்வானேன்?

இதற்கு விளக்கம் தந்தது எலியில் நடந்த ஆய்வு. குடலில் டிரிப்சின் போதிய அளவு இருக்கும்போது கணையச் சுரப்பு அடங்குகிறது, டிரிப்சினை அகற்றினால் சுரப்பு மிகுகிறது என்று 1972-இல் கிரீன், லைமன் ஆகியோர் காட்டினர். வீட்டுக் கூரைத் தொட்டியில் நீர் நிரம்பியதும் மிதவை உயர்ந்து குழாயை அடைப்பதைப் போன்றது இது. தொட்டியில் ஓட்டை இருந்தால் மிதவை உயராது, குழாயும் மூடாது. பச்சைச் சோயா அந்த ஓட்டை. டிரிப்சின் வர வரச் சோயாவின் தடுப்பான் அதைப் பற்றிக்கொள்கிறது. ‘போதும்’ என்ற செய்தி கணையத்தை எட்டுவதில்லை. கோலிசிஸ்டோகைனின் தொடர்ந்து வெளிவருகிறது. கணையம் ஓயாது உழைத்துப் பெருக்கிறது. கணையநீரைக் குடலுக்குத் திருப்பித் தராவிட்டால் சுரப்பு மாறும் என்று மேலே கூறியதற்கும் காரணம் இதுவே.

இதில் இழப்பு இரட்டிப்பாகிறது. டிரிப்சின் போன்ற நொதிகளில் கந்தகம் கொண்ட சிஸ்டின் மிகுதி. அந்நொதிகள் வீணே எச்சத்தில் வெளியேறுகின்றன. சோயாவிலோ மெத்தியோனின் முதலிய கந்தக அமினோ அமிலங்கள்தாம் குறைவு. ஆக, தின்ற புரதமும் முழுதாகச் செரிப்பதில்லை. குஞ்சின் சொந்தப் புரதமும் வெளியே போகிறது. தின்னத் தின்ன மெலிந்ததன் மர்மம் இதுதான்.

எங்கள் ஆய்வுக்கூடச் சோதனை

வகுப்பறையில் உயிரினங்களை அறுத்துப் பார்க்கும் வழக்கம் இன்று நின்றுவிட்டது. ஆகவே நானும் நண்பர்கள் இருவரும் கோழிக்கறிக் கடையில் கழிவாகக் கொட்டும் குடலைக் கேட்டு வாங்கி, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். கணையத்தைப் பிரித்துக் குளிர்ந்த உப்புநீரில் அரைத்து வடித்தோம். முன்சிறுகுடலின் உட்சுவரைச் சுரண்டித் தனியே வைத்தோம். பழைய எக்ஸ்-ரே படச்சுருளின் மீதுள்ள கறுப்புப் பூச்சு ஜெலட்டின் என்னும் புரதத்தால் ஆனது. புரத நொதி பட்டால் அப்பூச்சு கரைந்து படச்சுருள் தெளிவாகும். அதைச் சிறு பட்டைகளாக வெட்டி, 40 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் வைத்த நான்கு சோதனைக் குழாய்களில் இட்டோம்.

முதல் குழாயில் கணையச் சாறு மட்டும். பட்டை ஏறத்தாழ அப்படியே இருந்தது. இரண்டாவதில் கணையச் சாற்றுடன் குடற்சுரண்டல். கறுப்பு கரைந்து பட்டை தெளிந்தது. மூன்றாவதில் இவ்விரண்டுடன் பச்சைச் சோயாச் சாறு. பட்டை கறுப்பாகவே நின்றது. நான்காவதில் பச்சைச் சாற்றுக்குப் பதில் ஊறவைத்து அரை மணி நேரம் வேகவைத்த சோயாவின் சாறு. பட்டை மீண்டும் தெளிந்தது.

மகிழ்ச்சியுடன் பேராசிரியரிடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, “குடற்சுரண்டலிலேயே புரத நொதி இருக்கலாமே! அதை மட்டும் இட்ட குழாய் எங்கே?” என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. மறுவாரம் புதிய குடல் வாங்கி ஐந்தாவது குழாயையும் சேர்த்துச் செய்தோம். சுரண்டல் மட்டும் இருந்த குழாயில் பட்டை தெளியவில்லை. அதன் பின்னரே, கணையத்தின் முன்னொதியைக் குடற்சுவர் செயல்பட வைத்தது என்று துணிந்து எழுத முடிந்தது.

தீவனத் தொழிலில் பயன்

எண்ணெய் எடுத்த சோயாப் பிண்ணாக்கு இன்று கோழித் தீவனத்தின் முதன்மையான புரதப் பொருள். ஆலையில் அதை நீராவியில் பக்குவப்படுத்துகின்றனர். சூடு குறைந்தால் தடுப்பான் எஞ்சும். சூடு மிகுந்தால் லைசின் என்னும் அமினோ அமிலம் சர்க்கரையுடன் பிணைந்து வீணாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பக்குவத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. சோயாவிலுள்ள யூரியேஸ் என்னும் நொதியும் ஏறத்தாழ அதே சூட்டில் அழிகிறது. யூரியாக் கரைசலில் மாவைப் போட்டு, நிறங்காட்டி மாறுவதைக் கொண்டு யூரியேஸ் எஞ்சியுள்ளதா என்று பார்ப்பர். மிகுசூட்டை இச்சோதனை காட்டாது. அதற்குப் புரதம் காரக் கரைசலில் எவ்வளவு கரைகிறது என்று தனியே பார்க்க வேண்டும்.

கோழியால் தானே போதிய அளவில் உருவாக்க முடியாத நொதிகளைத் தீவனத்தில் சேர்ப்பதும் இன்று வழக்கமாகியுள்ளது. தானியங்களில் ஃபைட்டிக் அமிலமாகக் கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரசை விடுவிக்கும் ஃபைட்டேஸ் 1990-களின் தொடக்கத்திலிருந்து விற்பனையில் உள்ளது. எச்சத்தின் வழியே மண்ணிலும் நீரிலும் சேரும் பாஸ்பரசும் இதனால் குறைகிறது.

முடிவுரை

ஆய்வுக்கூட முடிவை ஊருக்குச் சென்று தாயாரிடம் விளக்கினேன். கணையம், டிரிப்சின் என்றெல்லாம் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “மொச்சையைப் பச்சையா யாராச்சும் திம்பாங்களா சாமி? எனக்கு அப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நீ படிச்ச புள்ள, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்.”

ஆஸ்பார்னும் மெண்டலும் 1917-இல் கண்டறிந்ததை, எழுத்தறியாத என் தாயார் அடுப்படி வழக்கத்தால் அறிந்திருந்தார். ஏன் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. ஏன் என்று கற்க வந்த நானோ, புரதம் 40 பங்கு என்ற ஓர் எண்ணை மட்டும் படித்துவிட்டு அவர் வாயை அடைத்துவிட்டேன். அந்த ஐந்து குஞ்சுகளும் என் அரைகுறைப் படிப்புக்குக் கொடுத்த விலை.

இப்போது சோயா மொச்சையை ஊறவைத்து, வேகவைத்து, உலர்த்தி அரைத்துப் போடுகிறோம். எஞ்சிய குஞ்சுகள் மெல்லத் தேறின. புண்ணாக்கையும் பாதியளவு தொடர்கிறோம். தீவனத்தில் எதை மாற்றுவதாயினும் முதலில் நான்கைந்து குஞ்சுகளுக்கு மட்டும் தனியே போட்டுப் பார்க்கிறோம். ஐந்தாவது சோதனைக் குழாய் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வாண்டு நான் கற்றுக்கொண்டேன். கிராமத்திலிருந்து வந்து அறிவியல் பயிலும் நண்பர்கள் வீட்டில் யோசனை சொல்லுமுன், வீட்டில் உள்ளவர்களின் யோசனையையும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.